குளிர் போவதற்குள் எலும்பைத் தொட வேண்டும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்மித்ஃபீல்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள், சுருங்கிக் கறுத்துப்போன பன்றித் தொடை ஒன்று இருக்கிறது. 1902-ஆம் ஆண்டு உப்பிட்டது. கிடங்கு உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சுமார் இருபது ஆண்டுகள் கழித்துக் கண்ணில் பட்டபோதும் அது அழுகியிருக்கவில்லை. நிறுவனத்தின் உரிமையாளர் குவால்ட்னி அதற்குப் பித்தளைக் கழுத்துப்பட்டை மாட்டி, செல்லப் பிராணி என்று சொல்லிக் கண்காட்சிகளுக்கு எடுத்துப்போனார். தன் சரக்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் அவருக்குக் கிடைத்திருக்காது.

நூறாண்டு தாண்டிய தொடை ஒரு வேடிக்கைப் பொருள்தான். அதைவிட வியப்பானது, ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் நடந்த காரியம். எலும்போடு கூடிய பத்துக் கிலோ பச்சை மாமிசம். அதை வேகவைக்கவில்லை, பனிக்கட்டியில் வைக்கவில்லை, டப்பாவில் அடைக்கவில்லை. டிசம்பரில் உப்புத் தடவி, வசந்தத்தில் புகையிட்டு, 35 டிகிரி வெயில் காயும் ஜூலை ஆகஸ்டிலும் கூரைக்கடியில் தொங்கவிட்டார்கள். அடுத்த குளிர்காலம் வரை வெட்டிவெட்டிச் சாப்பிட்டார்கள். கெடாமல் இருந்தது எப்படி என்று கேட்டால் உப்பு என்று சட்டென்று பதில் வரும். அது பாதிப் பதில்தான். மறுபாதியை நாள்காட்டியில் தேட வேண்டும். பன்றிக்கறி பக்கமே போகாதவர்களும் இதை ஒரு நல்ல இயற்பியல் கணக்காகப் படிக்கலாம்.

கன்ட்ரி ஹாம் என்று அங்கே சொல்வது, ரொட்டிக்கு நடுவே வைக்கும் ஈரமான இளஞ்சிவப்பு ஹாம் அல்ல. அந்த ரகத்துக்கு உப்புநீரை ஊசியால் ஏற்றி, வேகவைத்து, எடையைக் கூட்டி விற்பார்கள். கன்ட்ரி ஹாமில் எடை குறைய வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி, உப்பை உலர்வாகத் தடவியே பதப்படுத்த வேண்டும். பச்சைத் தொடையின் எடையில் குறைந்தது 18 விழுக்காடு போயிருக்க வேண்டும். உள்ளே குறைந்தது 4 விழுக்காடு உப்பு இருக்க வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி, கென்டக்கி, மிசூரி என்று கிழக்கு மேற்காக ஒரு பட்டை போல நீளும் மாநிலங்கள்தான் இதன் தாயகம்.

பன்றி அந்த மண்ணுக்கு வந்தேறிதான். 1539-இல் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற ஸ்பானியர் ஃபுளோரிடாக் கரையில் இறங்கியபோது 13 பன்றிகளைக் கூட்டி வந்ததாகச் சொல்வார்கள். 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர்களும் பன்றிகளைக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் ஒரு தீவையே அவற்றுக்கு ஒதுக்கினார்கள். அது இன்றும் பன்றித் தீவுதான். வேலி வேண்டாம், தீவனம் வேண்டாம். காட்டில் விட்டால் ஓக் விதையும் செஸ்ட்நட்டும் தின்று கொழுக்கும். இலையுதிர் காலத்தில் பிடித்து வந்து சில வாரம் சோளம் போட்டு, கொழுப்பைக் கெட்டியாக்கி, குளிருக்காகக் காத்திருப்பார்கள்.

காத்திருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டும் நேரத்தில் பன்றியின் உடல் மனித உடலைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் இருக்கும். தொடையின் நடுவே, இடுப்பெலும்பும் தொடையெலும்பும் சேரும் மூட்டைச் சுற்றி, அந்தச் சூடு கடைசியாகத்தான் ஆறும். சுற்றிலும் சதை, அதற்கு மேல் விரல்தடிமன் கொழுப்பு, அதற்கு மேல் தோல். அங்கேயே மூட்டுநீர், மஜ்ஜை, வடியாமல் தங்கிய கொஞ்சம் இரத்தம். பாக்டீரியாவுக்கு விருந்து விரித்த இடம் அது. வெளியே தடவிய உப்பு அங்கு போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த மூட்டைக் காப்பது குளிர் மட்டுமே. குளிர் போவதற்குள் உப்பு எலும்பைத் தொட்டாக வேண்டும். தொடவில்லை என்றால், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும் தொடை எலும்போரமாகப் புளித்துப்போகும்.

ஆகவே நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முதல் நல்ல குளிர் இறங்கியதும், அக்கம்பக்கத்தார் விடியற்காலையில் ஒரு பண்ணையில் கூடுவார்கள். இன்று இவர் வீடு, நாளை அவர் வீடு. மயிர் நீக்கத் தண்ணீரைக் கொதிநிலைக்கு வெகு கீழே, 62 முதல் 65 டிகிரிக்குள் சூடாக்க வேண்டும். குறைந்தால் மயிர் வராது. கூடினால் தோல் வெந்து மயிரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெப்பமானி இல்லாத காலத்தில் அளவுகோல் விரல்தான்: தண்ணீருக்குள் விரலை வேகமாக மூன்று முறை இழுக்க முடிய வேண்டும், நான்காம் முறை முடியக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வலி சூட்டோடு சட்டென்று ஏறுகிற எல்லை அது என்பதால், கணக்கு மோசமில்லாமல் வேலை செய்தது.

அன்று வெட்டியதை எந்த வரிசையில் தின்றார்கள் என்று பார்த்தாலே நுண்ணுயிரியல் பாடம் படித்துவிடலாம். ஈரல் அன்றைக்கே. முதுகெலும்பும் விலாவும் அடுத்த சில நாளில். துண்டுகளை அரைத்து, சேஜ் இலையும் மிளகாயும் சேர்த்துக் குடலில் அடைத்தது சில வாரம். உருக்கிய கொழுப்பு பல மாதம். வயிற்றுப் பக்கத்துக் கொழுப்புச் சதையும் தோள்பட்டையும் உப்பில் இருந்து கோடைக்குள் போய்விடும். தொடைகள்தான் கடைசி வரை. ஈரமும் மேற்பரப்பும் கூடிய பாகம் முதலில் கெடும் என்பதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

வளர்பிறையில் வெட்டினால்தான் கறி சட்டியில் சுருங்காது என்றும் நம்பினார்கள். ஜார்ஜியாவின் ரேபன் மாவட்டப் பள்ளி மாணவர்கள் மலைக்கிராமத்துப் பெரியவர்களைப் பேட்டி கண்டு தொகுத்து, 1972-இல் புத்தகமாக வந்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ நூலில் பன்றி வெட்டுவதும் பதப்படுத்துவதும் விரிவாகவே இடம்பெற்றன. அந்தக் கைப்பழக்கத்தில் ஒரு பெரும் பகுதி இன்றைய ஆய்வகத்திலும் தேறிவிடும். பிறைக்கணக்கு தேறாது.

உப்பிடும் கணக்கு இப்படி: நூறு கிலோ கறிக்கு எட்டுக் கிலோ உப்பு, இரண்டு கிலோ சர்க்கரை, சுமார் 125 கிராம் வெடியுப்பு. வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறினாலும், அந்நாட்டு வேளாண் விரிவாக்கத் துறையினர் நெடுங்காலம் பரிந்துரைத்த விகிதம் இதுதான். பாதியை முதல் நாளே தேய்ப்பார்கள், மீதியைச் சில நாள் கழித்து. சர்க்கரை உப்பின் காரத்தைத் தணிக்கும்; பாதுகாப்பில் அதன் பங்கு சிறிது. வெடியுப்பின் கதையைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

உப்பு என்ன செய்கிறது? தண்ணீரை உறிஞ்சிக் கிருமியைக் கொல்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். தொடையில் இருந்து நீர் வடிவது உண்மைதான். ஆனால் உப்பேறி, உலர்ந்து, உண்ணத் தயாரான தொடையிலும் எடையில் பாதிக்குமேல் தண்ணீரே இருக்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமியின் கைக்கு எட்டும் என்பதே முக்கியம். சோடிய, குளோரைடு அயனிகள் தங்களைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் கிருமிக்கு இல்லாதது மாதிரிதான். இதை நீர்ச் செயற்பாடு என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு 1. பச்சைக் கறிக்கு 0.99. அது 0.94-க்குக் கீழே இறங்கினால் போட்டுலினம் கிருமி வளராது. 0.86-க்குக் கீழே போனால் உப்பைப் பொறுத்துக்கொள்வதில் பேர்போன ஸ்டாஃபிலோகாக்கஸும் கைவிட்டுவிடும். நன்றாக ஆறின கன்ட்ரி ஹாம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

சரி, உப்பு எலும்பை எட்ட எத்தனை நாள்? பழைய விதி சொல்வது, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏழு நாள். ஐந்தரை அங்குலத் தொடைக்கு 38, 39 நாள். இங்கே ஓர் இடறல் இருக்கிறது. ஊடுபரவல் இப்படி நேர்க்கோட்டில் நடப்பதில்லை. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் பரவிச் செல்லும் நேரம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நாள் நான்கு மடங்காக வேண்டும். அப்படியானால் கிராமத்து விதி தப்பா? தொடைகளின் தடிமன் பெரும்பாலும் ஐந்துக்கும் ஆறரை அங்குலத்துக்கும் இடையில்தான் இருக்கும். அந்தக் குறுகிய எல்லைக்குள் வளைகோட்டின் ஒரு துண்டும் நேர்க்கோடும் அதிகம் விலகுவதில்லை. யானைத் தொடைக்கு இந்த விதியை நம்பிப் போனால் அழுகல்தான் மிஞ்சும்.

இன்னொரு சிக்கல், உப்பு எல்லாப் பக்கமிருந்தும் நுழையாது. தோலும் கொழுப்பும் அதற்கு ஏறக்குறைய மூடிய கதவு. வெட்டுமுகத்தில் தெரியும் சிவப்புச் சதை வழியாகவும் கணுக்கால் பக்கத்து வெட்டு வழியாகவும்தான் போக முடியும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் வெட்டுமுகத்தில் அழுத்தித் தேய்த்து, கணுக்கால் ஓட்டைக்குள் விரலால் உப்பைத் திணித்து, இடுப்பெலும்பு தெரியும் இடத்தில் இன்னும் ஒரு கை சேர்த்து அப்புவார்கள். தோலுக்குச் சும்மா ஒரு பூச்சு.

குளிர் அதிகமானாலும் ஆகாது. சதையில் உள்ள நீர் உறைந்தால் உப்பு நகராது. கடும் உறைபனி விழுந்த நாட்களைக் கணக்கில் இருந்து கழித்து, கடைசியில் அத்தனை நாளைக் கூட்டிக்கொள்வார்கள். 2 முதல் 4 டிகிரி என்பது பொன்னான எல்லை: கிருமி தூங்கும், உப்பு நடக்கும். இந்த மாநிலங்கள் ஒரு பட்டையாக அமைந்ததன் மர்மம் இதுதான். வடக்கே மின்னசோட்டாப் பக்கம் போனால் தொடை கல்லாக உறையும். தெற்கே லூயிசியானாவில் டிசம்பர் நடுவிலேயே நான்கு நாள் புழுக்கம் வந்து காரியத்தைக் கெடுக்கும். அங்கே சின்னத் துண்டுகளை உப்புநீரில் ஊறவைத்துப் பிழைத்தார்கள். நம் ஊர் உப்புக்கண்டம் இதே கணக்குக்கு வேறொரு விடை. குளிரே இல்லாத இடத்தில் காலம் தர யாருமில்லை; ஆகவே தொலைவைக் குறைத்தோம். கறியை விரல்தடிமன் வார்களாக அறுத்து, உப்பும் மஞ்சளும் பிசறி, வெயிலில் கயிற்றில் கோத்தால் உப்பு ஒரு பகலிலேயே நடுவை எட்டிவிடும். மதுரையில் ஒருவர் முழுத் தொடையைக் கூரையில் தொங்கவிட்டால் மூன்றாம் நாள் தெருவே சொல்லும்.

இனி வெடியுப்பு. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் என்ற கிராமத்தில் ஒரு சாவுச் சடங்கு. அதில் வாசித்த 34 இசைக்கலைஞர்கள் பின்னர் உப்பிட்ட ஹாமைப் பச்சையாகவே சாப்பிட்டார்கள். அடுத்த நாட்களில் பார்வை இரட்டையானது, விழுங்க முடியவில்லை, நாக்குக் குழறியது. மூன்று பேர் இறந்தார்கள். கென்ட் நகரப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் மிஞ்சிய ஹாமில் இருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று நாம் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று அழைப்பது அதைத்தான். காற்றில்லாத இடத்தில் வளரும். தொடையின் உட்புறம் காற்றில்லாத இடம்தான். இந்த இனத்தில் சில வகைகள் 3 டிகிரியை ஒட்டிய குளிரிலும் மெல்ல வளரக்கூடியவை. குளிரை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு இதுவே சான்று. உப்பு உள்ளே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். கென்டக்கியின் மாமத் குகையில் 1812 போரின்போது வெடிமருந்துக்காக இதன் மூலமண்ணை அடிமைகளைக் கொண்டு அள்ளினார்கள். மண்ணைக் கரைத்து வடித்த பெரிய மரத்தொட்டிகளை இன்றும் குகைக்குள் பார்க்கலாம். வெடிமருந்துச் சரக்கு சமையலறைக்குள் நுழைந்தது புதிதல்ல. 1824-இல் வெளியான மேரி ராண்டால்ஃபின் வர்ஜீனியச் சமையல் புத்தகத்திலும் ஒவ்வொரு தொடைக்கும் இதைத் தேய்க்கும் குறிப்பு உண்டு. கறி சிவப்பாக இருக்க இதைச் சேர்க்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏன் சிவக்கிறது என்று காட்டியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயுவை அறியக் கானரிக் குருவியைக் கொண்டுபோகச் சொன்ன அதே ஹால்டேன்தான். 1901-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இன்றைய வேதியியலில் இப்படி வரும்: சதையில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டில் இருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறக்கிறது. தசைக்கு நிறம் தரும் மயோகுளோபினின் நடுவிலுள்ள இரும்பில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. இரும்பு இனி ஆக்சிஜனோடு கூடிப் பழுப்பாக வழியில்லை. சூடாக்கினாலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். அழகுக்காகச் செய்த இந்தக் காரியத்தில் உயிர்காக்கும் பலனும் ஒளிந்திருந்தது. அதே நைட்ரைட் போட்டுலினத்தின் உள்ளே இரும்பும் கந்தகமும் சேர்ந்த புரதங்களைப் பழுதாக்கி அதன் வளர்ச்சியை முடக்குகிறது. இந்தப் பலன் விளங்குவதற்கு முன்பே, சிவக்க வைப்பது நைட்ரைட்தான் என்று தெரிந்தபின் நைட்ரேட்டைச் சுற்றி வளைத்துப் பயன்படுத்துவானேன் என்று, 1925-இல் அமெரிக்க அரசு நைட்ரைட்டை நேரடியாகவே சேர்க்க அனுமதித்தது.

எல்லோரும் இதைச் சேர்ப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் காலமும் போதும் என்று நிற்கும் பண்ணைகள் இன்றும் கென்டக்கியில் உண்டு. இத்தாலியின் பார்மா ஹாமிலும் உப்பைத் தவிர ஒன்றுமில்லை, ஆனாலும் அது நல்ல சிவப்பு. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு விடை சொன்னார்கள்: மாதங்கள் ஆக ஆக, நிறமியின் நடுவில் இருந்து இரும்பு கழன்று, அந்த இடத்தில் துத்தநாகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதே வீட்டில் வேறு குடித்தனம். ஆனால் கடைகளில் ‘நைட்ரைட் சேர்க்காதது’ என்று செலரிச் சாறு ஊற்றி விற்கிறார்களே, அது வேறு கதை. செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் நிறைய. பாக்டீரியாவை விட்டு அதை நைட்ரைட்டாக்கித்தான் சேர்க்கிறார்கள். மூலக்கூறுக்குத் தான் குப்பியில் இருந்து வந்தோமா கீரையில் இருந்து வந்தோமா என்று தெரியாது. இதைச் சாமர்த்தியம் என்பதா ஏமாற்று என்பதா, என் ஓட்டு இரண்டாவதற்கே.

பிப்ரவரி போல உப்பை அலம்பிவிட்டு, பத்துப் பதினைந்து டிகிரியில் இரண்டு வாரம் சும்மா விடுவார்கள். மேலே 8 விழுக்காடும் எலும்போரம் 1 விழுக்காடுமாக ஏறியிருக்கும் உப்பு சமப்படும் காலம் அது. பிறகு புகை. ஹிக்கரி மரமும் ஆப்பிள் மரமும் விருப்பமானவை. இது சமைக்கும் புகை அல்ல. 30 டிகிரியைத் தாண்டாத குளிர்ந்த புகை. அதிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், மேற்பரப்பில் பூசணத்தை அடக்கும், பூச்சிகளை விரட்டும். ஆழத்துக்குப் புகை போவதில்லை. பாதுகாப்பின் பெரும்பங்கு ஏற்கெனவே முடிந்துபோனது. புகையே போடாத ஹாமும் உண்டு.

சன்னல் இல்லாத மண்தரைக் குடில்தான் புகைக்கூடம். ஒரு பண்ணையில் கெட்டியான பூட்டுத் தொங்கியது அந்தக் கதவில்தான். உள்ளே இருந்தது ஆண்டின் புரதம் முழுவதும். பன்றியைக் கீறி, உப்புத் தேய்த்து, நெருப்பு அணையாமல் காத்தவர்கள் பல இடங்களில் கறுப்பின அடிமைகள். தொடைகள் வீட்டுக்காரருக்கு. மேரிலாந்துப் பண்ணையில் வளர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாற்றில் கணக்குச் சொல்கிறார்: அடிமை ஒருவருக்கு மாதம் எட்டுப் பவுண்டு பன்றிக்கறி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் சோளமாவு. மூன்றரைக் கிலோ சொச்சம். தெற்கின் மரபுச் சமையல் என்று இன்று கொண்டாடும் பக்குவம் அந்தக் கைகளில் உருவானது என்பதைச் சொல்லாமல் ஹாமைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்ததும் தெற்கில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. உப்பு இல்லை என்றால் கறி இல்லை. கறி இல்லை என்றால் படை இல்லை. வர்ஜீனியாவின் சால்ட்வில் உப்பளத்துக்காக 1864 அக்டோபரில் ஒரு சண்டையே நடந்தது. அதில் காயம்பட்டுக் கிடந்த கறுப்பினக் குதிரைப்படை வீரர்களைத் தெற்கத்தியர் மறுநாள் தேடித்தேடிக் கொன்றார்கள். டிசம்பரில் வடக்குப் படை திரும்பி வந்து உப்பளத்தை நொறுக்கியது. வீடுகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? புகைக்கூடத்தின் தரையைத் தோண்டினார்கள். தலைமுறைகளாகத் தொடைகளில் இருந்து உப்புநீர் சொட்டி ஊறிய மண். அதை நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, கிடைத்த அழுக்கு உப்பை மறுபடியும் கறியில் தேய்த்தார்கள்.

இனி கோடை. இதுவரை பகையாக இருந்த சூடு இப்போது உறவாகிறது. உப்பு எங்கும் பரவிவிட்டதால் கெடுக்கும் கிருமிகளுக்கு வழியில்லை. ஆனால் தசையின் சொந்த நொதிகள் இன்னும் சாகவில்லை. கதெப்சின் என்ற வகை நொதிகள் உப்பிலும் மெதுவாக வேலை செய்யும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். நீண்ட புரதங்களைச் சிறு துண்டுகளாகவும், அவற்றைத் தனித்தனி அமினோ அமிலங்களாகவும் வெட்டித் தள்ளும். அவற்றில் ஒன்று குளுட்டமிக் அமிலம்; காய்ந்த காளானிலும் பழுத்த தக்காளியிலும் நாக்கு தேடும் அதே சுவை. இன்னொன்றான டைரோசின் நீரில் எளிதில் கரையாது. வெள்ளைப் புள்ளிகளாகப் படிகமாகும். புதிதாக வாங்குகிறவர்கள் அதைப் பூசணம் என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அது நன்றாக ஆறியதன் அடையாளம். இன்னொரு பக்கம் கொழுப்பு உடைந்து, கொழுப்பமிலங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, கொட்டை வாசனை, வெண்ணெய் வாசனை, பழ வாசனை தரும் ஆவிகளாகின்றன. அளவு மீறினால் சிக்கு, மீறாவிட்டால் மணம்.

பகலில் கொழுப்பு இளகி வியர்க்கும், இரவில் இறுகும். தொடைகள் வியர்க்கின்றன என்றே அங்கே சொல்வார்கள். தோல்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் படரும். பெரும்பாலும் பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே என்ன நிலைமை என்று அறிய மெல்லிய கூர்முனைக் கம்பி ஒன்றை எலும்போரம் வரை குத்தி, இழுத்து, மூக்கருகே கொண்டுபோவார்கள். ஒரே ஒரு முகர்தல். புளித்த நாற்றம் என்றால் அந்தத் தொடை போயிற்று. எத்தனையோ கருவிகள் வந்தபிறகும் இந்தச் சோதனைக்கு மாற்று வரவில்லை.

வினோதமான பகைவர்கள் பூச்சிகள்தான். சிவந்த கால்களுடைய ஒரு வண்டு, கண்ணுக்குத் துகளாகத் தெரியும் உண்ணி, பிறகு துள்ளும் புழு. ஒரு சிறிய ஈயின் புழு அது. உடலை வளைத்து, வாலை வாயால் பிடித்து, சட்டென்று விட்டு அரை அடி தாவும். ஈ பறக்கத் தொடங்கும் முன்பே, மிளகுத்தூள் அப்பி, காகிதத்தில் சுற்றி, பருத்திப் பையில் போட்டுத் தொங்கவிட்டார்கள் அந்தக் காலத்துப் பெண்கள். பெரிய ஆலைகள் மெத்தில் புரோமைடு வாயுவை நம்பின. அந்த வாயு ஓசோன் படலத்தைத் தின்பது தெரிந்ததும் மான்ட்ரியல் உடன்படிக்கை அதை ஒடுக்கியது. அமெரிக்காவில் 2005-இல் பொதுப் பயன்பாடு நின்றது. ஹாம் ஆலைகள் விதிவிலக்குக் கேட்டு இன்னும் சில ஆண்டு ஓட்டின. மாற்றுத் தேடிய மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவுக்கு உகந்த புரோபிலீன் கிளைக்கால் தோய்த்த வலைப்பையில் தொடையைப் போட்டால் உண்ணி பெருகாது என்று கண்டார்கள். பாட்டிமார்களின் பை, புதிய தோய்ச்சலோடு.

இன்று பெரும்பாலான கன்ட்ரி ஹாம் இயந்திர அறைகளில் பிறக்கிறது. ஓர் அறையில் டிசம்பர், அடுத்ததில் ஏப்ரல், அதற்கடுத்ததில் ஆகஸ்ட். மூன்று மாதத்தில் சட்டத்தின் 18 விழுக்காட்டை எட்டி விற்பனைக்குப் போய்விடும். உப்புக் கரிக்கும், ஆழம் இருக்காது. சூட்டைக் கூட்டி நாளைக் குறைக்கலாம், ஆனால் நொதியை எல்லை மீறி அவசரப்படுத்தினால் சதை குழைந்து கசக்கும். டென்னசியில் மாடிசன்வில் ஊரில் ஆலன் பென்டன் என்பவர், பள்ளி ஆலோசகர் வேலையை விட்டு 1973-இல் ஒரு பழைய ஹாம் தொழிலை எடுத்து நடத்தினார். வேகமான போட்டியாளர்களைப் பார்த்து அவசரப்படாமல் ஓராண்டும் அதற்கு மேலும் ஆறப்போட்டவர். இன்று நியூயார்க்கின் பெரிய உணவகங்கள் அவரிடம் வாங்குகின்றன.

உடம்புக்கு? 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட பட்டியலில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. உப்பின் அளவோ சொல்லவே வேண்டாம். நைட்ரைட் கடும் சூட்டில் அமினோ சேர்மங்களோடு கூடி நைட்ரோசமீன் ஆவதும் உண்மை. ஆனால் பண்ணைக் காலத்தில் பெரும்பாலோர் இதைக் கறியாகத் தின்றதைவிடச் சுவையூட்டியாகவே பயன்படுத்தினார்கள். ஒரு சட்டி நிறையக் கீரைக்கு ஒரு துண்டு, ஒரு பானை அவரைக்கு ஓர் எலும்பு. அந்த அளவில் கணக்கே வேறு. காலை, மதியம், இரவு என்று ரொட்டிக்குள் வைப்பது நம் காலத்துப் பழக்கம்.

முழுத் தொடையைச் சமைப்பதானால் முதல் நாள் தேய்த்துக் கழுவி, ஓர் இரவுக்கு மேல் தண்ணீரில் போட்டு உப்பை வெளியே இழுக்க வேண்டும். அதே ஊடுபரவல், திசை மட்டும் எதிர். வழக்கமாகச் செய்வது மெல்லிய வில்லைகளாக அறுத்து வாணலியில் இரண்டு புரட்டு புரட்டுவது. அடியில் ஒட்டிய பழுப்பில் கறுப்புக் காபியை ஊற்றிச் சுரண்டினால் செங்கண் குழம்பு. பிஸ்கட் என்று அங்கே சொல்லும் மெத்தென்ற சிறு ரொட்டியில் அதை ஊற்றித் தின்பார்கள். காபியும் பன்றிக் கொழுப்புமா என்று முகம் சுளிக்கத் தோன்றும். சோடியம் கசப்பை அடக்கும் என்பது சுவை ஆய்வில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. உப்பு மிகுந்த கொழுப்பில் காபியின் கசப்பு அமுங்கி, வறுவல் மணம் மட்டும் மேலே வரும். வெட்டிய பிறகு மீதித் தொடையை மறுபடி தொங்கவிட வேண்டியதுதான். வெட்டுமுகத்தில் மட்டும் கொஞ்சம் பன்றிக்கொழுப்பைப் பூசிவிட வேண்டும். காற்றுப் பட்டால் அது கறுத்துக் காய்ந்துவிடும்.